கத்தரிக்காயில் பழி போடுமுன்: சாப்பாடும் மூட்டு நோவும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மாமி என் பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உதை ஏன் பிள்ளை வாங்குறாய்? முழங்கால் நோவெண்டு நான் கத்தரிக்காயை விட்டு ரெண்டு வருசமாகுது." நோ குறைந்ததா என்று கேட்டேன். "எங்க குறையுது? ஆனா சாப்பிட்டிருந்தால் இன்னும் கூடியிருக்கும்."

மாமியின் பதிலை யாராலும் மறுக்க முடியாது. குறைந்தால், கத்தரிக்காயை விட்டதால் குறைந்தது. குறையாவிட்டால், விட்டதால்தான் இந்த அளவோடு நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி கத்தரிக்காய்தான்.

மூட்டு நோவென்று எங்கள் ஊரில் வாய் திறந்தால் போதும், பட்டியல் வரும். கத்தரிக்காய் கிரந்தி (உடம்பில் கடி, தடிப்பைக் கிளப்புவது), உருளைக்கிழங்கு வாய்வு, புளி ஆகாது, பருப்பில் யூரிக் அசிட், நண்டு இறாலுக்குக் கிட்டவும் போகக்கூடாது. இப்போது யூடியூப் பார்த்துக் கோதுமை, பால், தக்காளி எல்லாம் சேர்ந்துவிட்டன. அத்தனையையும் கேட்டு நடந்தால் மிஞ்சுவது சோறும் உப்பும்தான்.

இந்தப் பட்டியல் முழுவதும் பொய்யில்லை. ஒருவருக்குப் பொருந்துவதை எல்லோருக்கும் சொல்வதில்தான் பிழை தொடங்குகிறது. ஏனென்றால் மூட்டு நோ என்பது ஒரு வருத்தத்தின் பெயரே அல்ல.

முள் ஏறிய கால்

வேலி அடைக்கும்போது கிளுவை முள் ஒன்று காலில் ஏறிவிட்டது என்று வையுங்கள். மாலைக்குள் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், நோகும். முள் செய்தது ஒரு சின்ன ஓட்டை மட்டுமே. மற்றதெல்லாம் உடம்பு தானாகச் செய்தது. இரத்தக் குழாய்களை விரித்து, வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு அனுப்பி, கிருமி இருந்தால் கொன்று, பழுதானதை அகற்றுகிறது. இந்த வேலைக்குப் பெயர் அழற்சி. சிவப்பு, சூடு, வீக்கம், நோ என்ற நான்கையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார்.

ஆகவே அழற்சி எதிரி அல்ல. அது இல்லாவிட்டால் முள் குத்தியே செத்துப்போவோம். வேலை முடிந்தபிறகும் அது அடங்காமல் நிற்கும்போதும், தேவையில்லாத இடத்தில் தொடங்கும்போதும்தான் தொல்லை.

இன்னொரு வகையும் உண்டு. உமிக் குவியலுக்குள் இருக்கும் நெருப்பு வெளியே தெரியாது, கையை விட்டால் சுடும். அதுபோலச் சிவப்பும் வீக்கமும் காட்டாமல் உடம்பு முழுக்க மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் அழற்சிக்கும் தொடர்பு என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்த உமித்தீயைப் பற்றித்தான். ஒரு கறியைச் சாப்பிட்டு அடுத்த நாள் முழங்கால் வீங்குவது வேறு கதை.

ஒரு பெயர், பல வருத்தம்

எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பேரைச் சொல்லலாம்.

முதலாவது, சந்தையில் கண்ட மாமி. அறுபது தாண்டியவர். படி ஏறினால் முழங்கால் நோகும், இருந்தால் ஆறும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறைக்குக் குருத்தெலும்பு என்று பெயர். அது தேய்ந்து, சுற்றியுள்ள எலும்பும் சவ்வும் மாறுவதால் வருவது மூட்டுத் தேய்வு. கிணற்றுக் கப்பி தேய்ந்து கீச்சிடுவதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கப்பி உயிரில்லாதது. மூட்டு தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தவும் முயல்கிறது.

இரண்டாவது, ஒரு மச்சாள். நாற்பது வயதுகூட இல்லை. காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு கை விரல்களும் மடங்காது, இடியப்ப உரலைப் பிடிக்க முடியாது. இது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

மூன்றாவது, முன்வீட்டு ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் கடலுணவு போட்டுக் காய்ச்சுவது). செவ்வாய் விடியப்புறம் கால் பெருவிரல் நெருப்பாகச் சுட்டு, போர்வை பட்டாலே உயிர் போகிற நோ. இதை ஆங்கில வைத்தியத்தில் கவுட் என்பார்கள். கீல்வாதம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை எல்லா மூட்டு வருத்தத்துக்கும் போட்டுக் குழப்பிவிட்டதால் நான் கவுட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இவற்றைத் தவிரக் கிருமிகளாலும் மூட்டு நோகும். 2006 கடைசியில் சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தில் பரவியபோது எத்தனை பேர் குனிந்தபடி நடந்தார்கள் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் ஏ9 பாதை போரால் பூட்டிக் கிடந்த காலம் அது. கடைகளில் சாமான் இல்லை. மச்சம் (மீன், இறைச்சி), மசாலா, ஆகாத சாப்பாடு என்று தள்ளி வைக்கவே ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதும் மூட்டு வீங்கத்தான் செய்தது, மாதக்கணக்கில் நொந்தது. காரணம் நுளம்பு காவி வந்த வைரஸ்.

சுருக்கமாக: அழற்சி என்பது உடம்பின் வேலை. மூட்டு நோவுக்குப் பல காரணங்கள். சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு இந்த மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில்கள்.

ஆனையிறவு உப்பும் ஐயாவின் பெருவிரலும்

சாப்பாட்டுக்கும் மூட்டுக்கும் நேரடித் தொடர்பு தெளிவாகத் தெரிவது ஐயாவின் வருத்தத்தில்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆனையிறவு உப்பளத்தில் பாத்திகளுக்குள் கடல் நீரை விடுகிறார்கள். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடும். நீர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியதும் உப்பு பளிங்காகப் படியத் தொடங்கும். அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை எவ்வளவு உப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் இரத்தத்திலும் அப்படிக் கரைந்திருக்கும் ஒரு பொருள் யூரிக் அமிலம். உயிரணுக்களின் கருவில் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடைந்தால் மிஞ்சும் கழிவே யூரிக் அமிலம். பழைய உயிரணுக்கள் சாகும்போது எங்கள் உடம்பிலிருந்தே பெரும்பகுதி வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருவது. மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது, மிச்சம் குடல் வழியே போகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் உடைக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. மனிதருக்கு அது கிடையாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இல்லாத கவலை எங்களுக்கு வந்தது அப்படித்தான்.

உடம்பின் சூட்டில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 6.8 மில்லிகிராம் அளவுக்குத்தான் யூரிக் அமிலம் கரையும். அதைத் தாண்டினால் பளிங்காகப் படியலாம். குளிர்ந்த இடத்தில் இன்னும் சுலபமாகப் படியும். நெஞ்சிலிருந்து தூரத்தில் இருக்கும் கால் பெருவிரல் உடம்பின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது. முதல் அடி அங்கே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிந்த பளிங்குகள் ஊசி போல இருக்கும். வெள்ளை அணுக்கள் அவற்றை முள் என்று நினைத்து விழுங்க வருகின்றன, விழுங்கியதைச் செரிக்க முடியாமல் ஆபத்துச் செய்திகளை வெளிவிடுகின்றன, மேலும் அணுக்கள் வந்து குவிகின்றன. கிளுவை முள் கதைதான், முள் மட்டும் உள்ளேயே விளைந்தது.

இனிக் கூழுக்கு வருவோம். ஒடியல் மா, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி ஆகியவற்றில் ஐயாவுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே சட்டிக்குள் நண்டு, இறால், கணவாய், மீன்தலை எல்லாம் போகின்றன. கடலுணவில் பியூரின் கூட. நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன்களிலும் ஆட்டு ஈரலிலும் இன்னும் கூட. பக்கத்தில் ஒரு போத்தல் கள்ளோ பியரோ இருந்தால் நிலைமை மோசமாகும். மதுசாரம் யூரிக் அமிலம் உருவாவதைக் கூட்டுவதோடு சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் குறைக்கிறது. வெயிலில் நின்று தண்ணீரும் குடிக்காவிட்டால் உப்பளம் தயார். கவுட் உள்ளவர்களைக் கொண்டு செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நாட்களுக்குள் மிக அதிகமாகப் பியூரின் உட்கொண்டபோது தாக்கம் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உட்கொண்டபோது இருந்ததைவிட ஐந்து மடங்கை நெருங்கியது. ஞாயிறு கூழ், செவ்வாய் விடியப்புறம் நோ. கணக்குச் சரிதான்.

சீனியையும் மறக்கக்கூடாது. சாதாரணச் சீனியில் பாதி பிரக்டோஸ். அது ஈரலில் உடையும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. நண்டை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு போத்தல் சோடா குடிப்பவர் கதவைப் பூட்டி யன்னலைத் திறந்து வைத்தவர்.

ஆனால் இங்கேயே ஒரு பிரேக் போட வேண்டும். ஒருவருக்கு யூரிக் அமிலம் ஏன் கூட, மற்றவருக்கு ஏன் குறைவு என்று பார்த்தால் சாப்பாட்டைவிடப் பிறப்புத்தான் பெரிய காரணம். 16,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், தனித்தனி உணவு ஒவ்வொன்றும் அந்த வேறுபாட்டில் 1 சதவீதத்தைக்கூட விளக்கவில்லை. பரம்பரை அலகுகள் ஏறத்தாழ 24 சதவீதத்தை விளக்கின. கடுமையாகப் பத்தியம் காத்தாலும் பொதுவாக 1 மில்லிகிராம் அளவுதான் இறங்கும். 9இல் இருப்பவருக்கு 8 போதாது. 6க்குக் கீழே கொண்டுவரக் குளிசை வேண்டும். "வாயைக் கட்டாததால் வந்த வருத்தம்" என்று ஐயாவை ஏசுவது நியாயமில்லை. கூழ் திரியைப் பற்ற வைத்தது உண்மை. வெடிமருந்து பிறப்பிலேயே இருந்தது.

பருப்புக்கும் புளிக்கும் விடுதலை

யூரிக் "அமிலம்" என்ற பெயர் செய்த அநியாயம் பெரிது. புளி, தேசிக்காய், தக்காளி எல்லாம் புளிக்கிறபடியால் அவைதான் அந்த அமிலம் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. நாக்கில் புளிப்பது இரத்தத்தைப் புளிக்க வைக்காது. இரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் மிகக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு சட்டி புளிக்குழம்பு அதை அசைக்காது.

பருப்பிலும் பயறிலும் பியூரின் இருப்பது உண்மை. ஆனால் 47,000 ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கூடச் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது. பியூரின் உள்ள மரக்கறி, பருப்பு வகை சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. சைவக்காரர் ஒருவர் மூட்டு நோவுக்குப் பயந்து பருப்பையும் உழுந்தையும் தயிரையும் விட்டால் அவருக்குப் புரதம் எங்கிருந்து வரும்? தசை மெலியும், மெலிந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும்.

வாய்வுக்கும் இதே பதில். செரிக்காமல் போன மாச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் வருவது அது. அதற்கு வெளியேற வழி உண்டு. முழங்காலுக்குள் போய்ப் பதுங்காது. சித்த வைத்தியம் சொல்லும் வாதம் வெறும் காற்றைக் குறிப்பதல்ல, உடம்பின் இயக்கத்தைப் பற்றிய ஒரு முழுக் கோட்பாடு. அதை வயிற்றுப் பொருமலாகச் சுருக்கியது நாங்கள்தான்.

கத்தரிக்காய்? கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அவற்றில் உள்ள சொலனின் என்ற பொருள் மூட்டைப் பாதிக்கும் என்பது மேற்கு நாட்டு வதந்தி. எங்கள் கிரந்திப் பட்டியலோடு அது வந்து ஒட்டிக்கொண்டது. பச்சை ஏறிய, முளைத்த உருளைக்கிழங்கில் சொலனின் கூடினால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். மூட்டழற்சி வரும் என்று மனிதரில் காட்டிய நல்ல ஆய்வு கிடையாது. கத்தரிக்காய் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பு கடிக்கும், தடிக்கும். அது ஒவ்வாமை, தோலின் சங்கதி.

இதுவரை: கவுட் உள்ளவர் கடலுணவு, ஈரல், மதுசாரம், சீனிப் பானம் நான்கிலும் கவனம். பருப்பு, புளி, கத்தரிக்காய் குற்றமற்றவை.

மச்சாளுக்கு வேறு கணக்கு

முடக்குவாதத்தில் ஒரு கறி சாப்பிட்டதால் வருத்தம் தொடங்குவதில்லை. பரம்பரை, புகைத்தல் போன்றவை அங்கே பெரிய காரணங்கள். ஆனால் எரிகிற நெருப்பைச் சாப்பாடு சற்றே கூட்டவோ குறைக்கவோ முடியும். கொழுப்பு மீன்களில் ஒமேகா 3 என்ற கொழுப்பு உண்டு. நோவையும் வீக்கத்தையும் தூண்டும் பொருட்கள் உருவாவதை அது ஓரளவு தடுக்கிறது. மீனெண்ணெய் கொடுத்துச் செய்த சோதனைகளில் காலை விறைப்பும் நோவும் கொஞ்சம் குறைந்தன. கொடுத்த அளவு நாளுக்கு ஏறத்தாழ 3 கிராம். சாதாரணமாக மீன் சாப்பிட்டு அதை எட்டுவது கஷ்டம்.

இங்கேதான் வேடிக்கை. ஐயா தள்ளி வைக்க வேண்டிய அதே சூடை மீன் மச்சாளுக்கு நல்லது. ஒரே ஒழுங்கை, ஒரே மீன்காரன். "மூட்டு நோவுக்கு மீன் ஆகாது" என்று ஒருவர் வாயால் வந்ததை மற்றவர் கேட்டு நடந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

நோர்வேயில் முடக்குவாதக்காரர் சிலர் 7 முதல் 10 நாள் வரை விரதம் இருந்து, பிறகு ஒரு வருடம் மரக்கறிச் சாப்பாட்டில் இருந்தார்கள். வழமைச் சாப்பாட்டில் இருந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைந்தது என்று 1991இல் எழுதினார்கள். விரதத்தில் அழற்சி தணிவது உண்மை. ஆனால் விரதம் முறித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் நோவும் திரும்புவதே வழமை. வருடம் முழுவதும் கந்தசஷ்டி இருக்க ஏலாது.

மஞ்சளையும் பலர் கேட்கிறார்கள். அதிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியதுதான், ஆனால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். கறிக்குப் போடும் மஞ்சளை மருந்தாகக் கணக்கெடுக்காதீர்கள், ருசிக்குப் போடுங்கள்.

எனக்கு இந்த விடயத்தில் கோபம் வருவது ஒன்றுக்குத்தான். முடக்குவாதத்தில் முதல் மாதங்கள் பெறுமதியானவை. அப்போது சரியான மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். பத்தியம் இருந்து பார்ப்போம், பிறகு போவோம் என்று ஒரு வருடம் போக்கினால் கோணிய விரலை எந்தக் கீரையும் நிமிர்த்தாது. பெயரில்லாத பொட்டலத் தூள்களும் கவனம். இரண்டு நாளில் நோவை மாயமாக்கும் தூளுக்குள் அழற்சியை அடக்கும் வலிய மருந்தான ஸ்ரீரொய்ட் கலந்திருக்கலாம்.

மாமியின் முழங்கால்

மாமிக்கு எந்தச் சாப்பாடு என்பதைவிட எவ்வளவு சாப்பாடு என்பதே கேள்வி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும் என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் ஓர் அடிக்கு 20 கிலோ. சந்தைக்குப் போய்வரும் அடிகளைப் பெருக்கிப் பாருங்கள்.

அதோடு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. சைற்றோகைன் எனப்படும் செய்திப் பொருட்களை அது இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அவை அழற்சியைத் தூண்டுபவை. முன்பு சொன்ன உமித்தீ இதுதான். பாரம் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் உடல் பருத்தவர்களுக்குத் தேய்வு கூடுவதற்கு இது ஒரு விளக்கம். மாமி விட்டது கத்தரிக்காயை. மூன்று வேளையும் சீனி போட்ட தேத்தண்ணியும் பின்னேர வடையும் அப்படியே இருந்தன.

நல்லூர்க் கொடி ஏறினால்

"நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை, அந்த நாளில எனக்கு நோவே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். கவுட் உள்ளவர் என்றால் கடலுணவும் குடியும் நின்றதற்குப் பலன் தெரியும். தேய்வு உள்ளவர் என்றால் தினமும் கோயிலுக்கு நடந்தது தசையைப் பலப்படுத்தியிருக்கும். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மூட்டு நோ தானாகவே ஏறி இறங்கும். நோ உச்சத்தில் நிற்கும்போதுதான் பத்தியம் தொடங்குகிறோம், உச்சிக்குப் பிறகு இறக்கம்தானே. கவுட் தாக்கம் மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கும். அந்தப் பெருமையைக் கடைசியாகக் குடித்த கசாயம் வாங்கிக்கொள்ளும்.

உண்மையில் ஒரு சாப்பாட்டில் சந்தேகம் என்றால் ஒரு கொப்பி எடுங்கள். பத்தை ஒன்றாக விடாமல் ஒன்றை மட்டும் மூன்று நான்கு கிழமை விட்டு, ஒவ்வொரு நாளும் நோவுக்குப் பத்தில் எத்தனை என்று எழுதுங்கள். பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தரம் விட்டும் சேர்த்தும் ஒரே விடை வந்தால் அது உங்களுக்குப் பொருந்துகிறது. உங்களுக்கு மட்டும்.

கவுட் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. நோ உச்சத்தில் நிற்கும் நாளில் இரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டலாம். ஐயா முதல்தரம் அப்படித்தான் ஏமாந்தார். "அசிட் இல்லையாம்" என்று வந்து அடுத்த மாதமே கூழுக்கு இருந்தார், பிறகு பெருவிரலைப் பிடித்துக்கொண்டும் இருந்தார். நோ அடங்கி இரண்டு மூன்று கிழமை கழித்துத் திரும்பப் பார்த்தபோது எல்லையைத் தாண்டியிருந்தது. இப்போது ஒழுங்காகக் குளிசை போடுகிறார். கூழ் நாளில் அவருக்கு ஒரு கோப்பை உண்டு, நண்டுக் காலை மட்டும் மனைவி எண்ணித்தான் போடுகிறாராம்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சுட்டு, கூடவே காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். விடியட்டும் என்று பாராமல் அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.